கொழும்புத் தராசில் கிராமத்து வருமானம்

இலங்கையின் கிராமப்புறங்கள் முன்னேறியிருக்கின்றனவா, பின்தங்கியிருக்கின்றனவா என்ற கேள்வி நமது கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் எண்களுடனேயே வருகிறார்கள். ஒருவர், 2016இல் ஒரு கிராமப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 58,137 ரூபா, 2019இல் அது 69,517 ரூபா, ஆகவே மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 20 வீத உயர்வு என்பார். மற்றவர், விலைவாசி ஏறியதைக் கழித்துப் பாருங்கள், கையில் ஒன்றும் மிஞ்சாது என்பார். முதலாமவர் பணவருமானத்தைச் சொல்கிறார். இரண்டாமவர் மெய் வருமானத்தைக் கேட்கிறார். அப்படிக் கேட்பது முற்றிலும் சரியே. ஆனால் அந்த விலைவாசி ஏற்றம் எந்த ஊரில், யாருடைய சந்தைப் பையைக் கொண்டு அளக்கப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை.

இக்கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது. இலங்கையில் கிராமத்தின் மெய் வருமானம் என்று சொல்லப்பட்டு வந்தது மிக நீண்ட காலமாகக் கிராமத்தின் வருமானத்தைக் கொழும்பின் விலையால் வகுத்துக் கிடைத்த ஈவேயாகும். இது நிபுணர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு நுணுக்கப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. ஒரு மாவட்டம் வறுமையிலிருந்து மீண்டுவிட்டது என்று அறிவிப்பதையும், மீளவில்லை என்று அறிவிப்பதையும் இந்த வகுத்தலே தீர்மானித்திருக்கிறது. நமது அரசியல் விவாதங்கள் பலவும் இந்த ஈவின் மீதே கட்டப்பட்டிருக்கின்றன.

1

பொருளியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். விலைச் சுட்டெண் என்பது ஒரு கற்பனைப் பை. அதற்குள் ஒரு குடும்பம் மாதமொன்றில் வாங்கும் அரிசி, மா, தேங்காய், மண்ணெண்ணெய், உடுப்பு, பஸ் கட்டணம், வாடகை எல்லாம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அந்தக் குடும்பம் செலவழிக்கும் பங்குக்கு ஏற்ப ஒரு நிறை கொடுக்கப்படும். அடியாண்டில் அந்தப் பையின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு, பின்வரும் ஆண்டுகளில் அதே பை எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பார்கள். பணவருமானத்தை இந்தச் சுட்டெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால் மெய் வருமானம் வரும். கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடியது. பை யாருடையது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இலங்கையில் நீண்டகாலம் இருந்த ஒரே உத்தியோகபூர்வமான பை, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். அதன் அடியாண்டு 1952. அதன் நிறைகள் 1949/50இல் கொழும்பு நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த செலவுக் கணக்கிலிருந்து பெறப்பட்டவை. உணவுக்கு 61.9 வீதம், வாடகைக்கு 5.7 வீதம் என்று அன்று வைத்த நிறை அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறவில்லை. சம்பளப் படிகள் இதைப் பார்த்தே ஏறின. அரசாங்கத்தின் பணவீக்க வீதமும் இதுவே. 2007 பிற்பகுதியிற்தான் 2002ஐ அடியாண்டாகக் கொண்ட புதிய கொழும்புச் சுட்டெண் வெளிவந்தது. அதுவும் கொழும்புதான்.

நாடு முழுவதையும் தழுவிய தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண், 2013ஐ அடியாண்டாகக் கொண்டு, 2015இலேயே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடயம் விளங்கும். 2013 அடியாண்டுப்படி கொழும்புப் பையில் உணவின் நிறை ஏறத்தாழ 28 வீதம், தேசியப் பையில் 44 வீதம். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், உணவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு விடைகள். கிராமத்தின் வருமானத்தைக் கொழும்பின் பையால் வகுக்கிறவர், கிராமத்தான் நூறு ரூபாவில் 28 ரூபாவையே சாப்பாட்டுக்குச் செலவழிக்கிறான் என்று தன்னை அறியாமலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆரம்பத்தில் சொன்ன கிராமப்புற வருமானத்தையே எடுத்துக்கொள்வோம். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளின் சராசரிப் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்ணின்படி முறையே 6.6, 4.3, 4.3 வீதம். தேசியச் சுட்டெண்ணின்படி 7.7, 2.1, 3.5 வீதம். மூன்றையும் பெருக்கிச் சேர்த்தால் முதலாவது ஏறத்தாழ 16 வீதமும் இரண்டாவது ஏறத்தாழ 14 வீதமும் வருகின்றன. ஆகவே 69,517 ரூபா என்பது 2016ஆம் ஆண்டு விலையில் கொழும்புப் பையால் பார்த்தால் ஏறத்தாழ 59,900 ரூபா, தேசியப் பையால் பார்த்தால் ஏறத்தாழ 61,100 ரூபா. 20 வீதம் என்று தம்பட்டமடிக்கப்பட்ட உயர்வு ஒரு தராசில் 3 வீதமாகவும் மற்றத் தராசில் 5 வீதமாகவும் சுருங்கிவிடுகிறது. ஒன்றும் மிஞ்சாது என்றவரும் பிழை, 20 வீதம் என்றவரும் பிழை.

இந்த உதாரணத்தில் கொழும்புத் தராசு கிராமத்தின் உயர்வைக் குறைத்தே காட்டுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தவறான தராசு எப்போதும் ஒரே பக்கத்துக்குச் சாய்வதில்லை. உணவு விலை வேகமாக ஏறும் ஆண்டுகளில் அது கிராமத்தின் இழப்பை மறைக்கும். உணவு விலை தணிகிற ஆண்டுகளில் கிராமத்தின் ஆறுதலை மறைக்கும். 2022 செப்டெம்பரைப் பாருங்கள். கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதமும், தேசிய மட்டத்தில் 85.8 வீதமும் ஏறியிருந்தன. அதாவது உணவு கொழும்பிலேயே கூடுதலாக ஏறியது. ஆனால் மொத்தப் பணவீக்கம் கொழும்பில் 69.8 வீதம், தேசிய மட்டத்தில் 73.7 வீதம். உணவல்லாத பொருட்களின் ஏற்றமும் இதில் ஒரு பங்கு வகித்தது. எனினும் உணவின் நிறை கூடிய பையே கூடுதலாக அடிபட்டது என்பது தெளிவு.

2

இந்தத் தராசு என்ன செய்தது என்பதற்கு வறுமைக் கோட்டைவிட நல்ல சாட்சி இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2002ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின அளவீட்டை வைத்து ஓர் ஆளுக்கு மாதம் 1,423 ரூபா என்ற கோட்டைக் கீறியது. அதன்பின் அந்தக் கோடு கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டே ஆண்டுக்கு ஆண்டு உயர்த்தப்பட்டது. 2016இல் அது 4,166 ரூபாவாக இருந்தது. அந்தக் கோட்டின்படி நாட்டில் வறியோர் 2012/13இல் 6.7 வீதம், 2016இல் 4.1 வீதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 28.8 வீதமாக இருந்தது 12.7 வீதமாகிவிட்டது. மூன்றரை ஆண்டுகளில் பாதிக்கும் குறைவு. வடக்கில் அபிவிருத்தி வேலை செய்கிறது என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இதைவிடச் சிறந்த எண் கிடைத்திருக்காது.

பின்னர் திணைக்களம் 2012/13ஆம் ஆண்டு நுகர்வைக் கொண்டு ஒரு புதிய கோட்டைக் கீறித் தேசியச் சுட்டெண்ணால் அதை உயர்த்தத் தொடங்கியது. 2019இல் அந்தக் கோடு 6,966 ரூபா. நாட்டில் வறியோர் 14.3 வீதம். கிராமப்புறத்தில் 15 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம், முல்லைத்தீவில் 44.5 வீதம்.

முல்லைத்தீவில் 2016க்கும் 2019க்கும் இடையில் பஞ்சம் எதுவும் வந்துவிடவில்லை. மாறியது கோடு. இரண்டு கோடுகளையும் ஒப்பிடக்கூடாது என்று திணைக்களத்தார் சொல்வார்கள். அது முறைப்படி சரி. ஆனால் 2016க்கும் 2019க்கும் இடையில் விலைகள் ஏறத்தாழ 14 வீதமே ஏறியிருக்கக் கோடு 67 வீதம் உயர்ந்ததென்றால், பழைய கோடு மனிதருடைய தேவைக்கு எவ்வளவு கீழே இறங்கிக் கிடந்தது என்பது வெளிப்படை. அந்த இறக்கம் முழுவதையும் கொழும்புச் சுட்டெண்ணின் தலையில் கட்டிவிட முடியாது. 2002இல் தேவையென்று கருதப்பட்ட பை மாறியதும் ஒரு காரணம். ஆனாலும் முல்லைத்தீவு மீண்டுவிட்டது என்று 2016இல் எழுதியவர்களும், முல்லைத்தீவு நாசமாகிவிட்டது என்று 2019 எண்ணை மட்டும் எடுத்து எழுதியவர்களும் ஒரே தவறையே செய்தார்கள். இரண்டாவது தவறைச் செய்தவர்களில் நம்மவர்கள் அதிகம்.

3

இனி, கிராமம் என்று இந்த அளவீடுகள் எதைச் சொல்கின்றன என்று பார்ப்போம். மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குள் உள்ளவை மட்டுமே நகரம். தோட்டங்கள் தனித்துறை. மிச்சமெல்லாம் கிராமம். 1987இல் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் பகுதிகள் பிரதேச சபைகளுக்குள் போயின. அன்றோடு அவை புள்ளிவிபரத்தில் கிராமங்களாயின. சுன்னாகம் சந்தையைத் தெரிந்த எவரும் அதைக் கிராமம் என்று சொல்லமாட்டார். ஆனால் ஏட்டில் அது கிராமமே. கிளிநொச்சி நகரமும் அவ்வாறே. கொழும்பைச் சுற்றியுள்ள களனி, ஹோமாகம போன்ற பிரதேச சபைப் பகுதிகளும் அவ்வாறே. 2012 தொகைமதிப்பில் நாட்டின் 77.4 வீதமானோர் கிராமவாசிகள் என்று வந்ததன் பின்னணி இது.

ஆகவே கிராமப்புறச் சராசரி வருமானம் 69,517 ரூபா என்றால், அதற்குள் ஹோமாகமவில் இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகும் வங்கி உத்தியோகத்தரும் இருக்கிறார், ஒட்டுசுட்டானில் பிறருடைய வயலில் நாட்கூலிக்கு நிற்கும் பெண்ணும் இருக்கிறார். இவர்கள் இருவருக்கும் ஒரு சராசரி கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு பொருளும் இல்லை.

சராசரியைவிட இடையம் பரவாயில்லை. வருமானப்படி குடும்பங்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடையம். 2019இல் நாடு முழுவதற்குமான சராசரி 76,414 ரூபாவாக இருக்க இடையம் 53,333 ரூபாவாகவே இருந்தது. பாதிக் குடும்பங்கள் அதற்கும் கீழே. பேச்சாளர்கள் எப்போதும் மேடையில் எடுத்துக் காட்டுவது எந்த எண்ணை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

4

வடக்கின் விடயத்தில் பிரச்சினை இன்னும் ஆழமானது. ஒப்பிடுவதற்கு ஒரு தொடக்கமே இல்லை. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் வீட்டு வருமான, செலவின அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னாரும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இல்லை. 25 மாவட்டங்களும் முதன்முதலில் உள்ளடக்கப்பட்டது 2012/13இலேயே. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் ஒரு சவர்க்காரக் கட்டிக்கும் வன்னியில் என்ன விலை என்பதை அந்த விலையைக் கொடுத்தவர்கள் அறிவார்கள். எந்தச் சுட்டெண்ணும் அறியாது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டதற்குப் பிந்திய மாதங்களில் நான் யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சுட்டெண்கள் என்ற பாடம். கொழும்பு விலைச் சுட்டெண்ணைக் கரும்பலகையில் எழுதி, ஓர் ஆசிரியருடைய சம்பளத்தை அதனால் வகுத்து, மெய்ச்சம்பளம் இவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டினேன். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர், இதிலை இருக்கிற அரிசி விலை சங்கக் கடை விலையோ, வெளி விலையோ?" என்று கேட்டான். அந்த நாட்களில் அரிசியும் சீனியும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கீட்டுக்கு ஒரு விலை, வெளியில் பல மடங்கு விலை. பங்கீட்டு வரிசையில் நிற்க விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். "இரண்டும் இல்லை, கொழும்பு விலை" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன்.

அவன் கேட்ட கேள்வி பழையது. எழுபதுகளில் கொழும்புச் சுட்டெண்மீது வந்த முக்கியமான குற்றச்சாட்டும் இதுவே. கட்டுப்பாட்டு விலையைக் குறித்துக்கொண்டார்கள். அந்த விலைக்குக் கடையில் பொருள் இருந்ததா என்று பார்க்கவில்லை. அரசு விதித்த விலையில் பணவீக்கம் குறைவாகவே இருக்கும். பொருள் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் சுட்டெண்ணுக்கு இல்லை, வயிற்றுக்கு உண்டு. அன்று அந்த மாணவனுக்கு இவ்வளவையாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றையும் பின்னரே கவனித்தேன். அதன்பின் வந்த கொழும்புச் சுட்டெண்ணின் அடியாண்டு 2006/07. நாங்கள் வரிசையில் நின்ற அதே பன்னிரண்டு மாதங்களைத்தான் நாட்டின் விலைக்கு 100 என்று வைத்தார்கள். அந்த 100க்குள் நாங்கள் இல்லை.

5

வகுக்கும் எண் ஒருபுறமிருக்க, வகுபடும் எண்ணாகிய வருமானமும் கிராமத்தில் இலகுவில் பிடிபடுவதில்லை. நகரத்தில் சம்பளச் சீட்டு உண்டு. கிராமத்தில் நெல் வருடத்துக்கு இரண்டு போகம், மழையை நம்பிய இடங்களில் ஒரே போகம். மாசியில் அறுவடை முடிந்தவுடன் கடன்காரனுக்கும் அடகுக்கடைக்கும் கொடுக்க வேண்டிய அவசரத்தில் நெல்லை மலிந்த விலைக்கு விற்கிறான். ஐப்பசியில் அதே மனிதன் கடையில் அரிசியைக் கூடின விலைக்கு வாங்குகிறான். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஆண்டின் சராசரி விலைச் சுட்டெண்ணால் மீண்டும் வகுத்தால், இந்த இரண்டு விலைகளுக்கும் இடையில் அவன் இழந்தது கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. அடகு வைத்த தாலிக்கொடிக்குக் கட்டும் வட்டியும் வருமான எண்ணில் தெரிவதில்லை.

வீட்டுத் தேவைக்கு எடுத்த நெல், வளவுத் தேங்காய், முருங்கையிலை, சொந்த வீட்டில் இருப்பதன் வாடகைப் பெறுமதி ஆகியவற்றையும் பணமாக மதித்து வருமானத்தில் சேர்க்கிறார்கள். சேர்ப்பது நியாயமே. ஆனால் விளைவைக் கவனியுங்கள். தேங்காய் விலை இரண்டு மடங்கானால், தன் வளவுத் தேங்காயையே தின்கிற குடும்பத்தின் பணவருமானமும் ஏட்டில் ஏறுகிறது. அவர்கள் தின்றது அதே தேங்காய். அதை அவர்களுடைய நுகர்வுக்கு ஏற்ற பையால் வகுத்தால் பழைய இடத்துக்கே வந்து சேரும். உணவுக்கு 28 வீத நிறை கொடுக்கும் பையால் வகுத்தால் அவர்கள் பணக்காரர்களாகிவிடுவார்கள்.

உரம் நுகர்வுப் பொருள் அல்லவாதலால், நுகர்வோர் பையில் விவசாயத்துக்கான உரம் இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் அதைத் தளர்த்தியபோது கமக்காரனுக்கு விழுந்த அடி, விலைச் சுட்டெண்ணில் நேரடியாகத் தெரியாது. அது தெரியவேண்டிய இடம் செலவு கழித்த தேறிய வருமானம். அதற்கு அளவீட்டாளர் போகம் போகமாக, உரம், உழவுக்கூலி, மருந்து, தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் இருந்து கேட்டு எழுத வேண்டும். கொப்பி வைத்திருக்காத கமக்காரனிடம் ஞாபகத்தில் கேட்டு எழுதும் அந்தக் கணக்கின் மேல்தான் எங்கள் தசமப் புள்ளிகள் நிற்கின்றன.

இனி நம்மைப் பற்றி. வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் குடும்ப வருமானமே. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா அளவுக்குப் போனது. மாதம் 100 டொலர் பெற்ற குடும்பத்துக்கு 20,000 ரூபா 36,000 ரூபாவாயிற்று. அது 80 வீத உயர்வு; அந்த ஆண்டின் உச்சப் பணவீக்கத்துக்கும் அது ஈடுகொடுத்தது. அடுத்த வளவில் வெளிநாட்டில் எவரும் இல்லாத குடும்பத்தின் கூலி அப்படி ஏறவில்லை. இந்த இரண்டு வீடுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த ஒழுங்கை நெருக்கடியை ஓரளவு தாங்கிக்கொண்டது என்று வரும். ஊருக்குப் போய்வந்து, எல்லாரும் கல்வீடு கட்டி நல்லாத்தான் இருக்கிறார்கள் என்று எழுதும் நண்பர்கள் பெரும்பாலும் முதலாவது வீட்டில் தங்கிவிட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டது நாம் அனுப்பிய பணத்தை. ஊரின் மண்ணிலிருந்து எழும்பிய வருமானம் எவ்வளவு என்பதற்கு அது விடையாகாது.

6

மலையகத்தில் கணக்குச் சற்றுத் தெளிவானது. ஏனெனில் அங்கே நாட்கூலி சட்டத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா (900 அடிப்படை, 100 படி). 2021 மார்ச்சிலிருந்து 2024 மார்ச் வரை கொழும்புச் சுட்டெண்ணின் ஆண்டு ஏற்றங்கள் முறையே 18.7, 50.3, 0.9 வீதம், தேசியச் சுட்டெண்ணில் 21.5, 49.2, 2.5 வீதம். அதாவது 2021இல் 1,000 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க 2024 மார்ச்சில் கொழும்புக் கணக்கில் 1,800 ரூபாவும், தேசியக் கணக்கில் 1,860 ரூபாவும் வேண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. பத்திரிகைகள் அதைச் சம்பள உயர்வு என்று எழுதின. 2021ஆம் ஆண்டு விலையில் அது ஏறத்தாழ 730இலிருந்து 750 ரூபா. மூன்றரை ஆண்டு போராட்டத்தின் பின் கால்பங்கு இழப்பு. இங்கே எந்தப் பையை எடுத்தாலும் முடிவு மாறவில்லை. ஆகவே இது நாம் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒரு முடிவு.

இதை எழுதும் நான் பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் பொதியிடும் பகுதியில், சட்டப்படியான ஆகக்குறைந்த கூலியில் வேலை செய்கிறேன். அந்தக் கூலி 2013 முதல் ஒரு விசேட சுட்டெண்ணுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. எல்லாருடைய பையும் அல்ல. வருமானத்தில் ஆகக்கீழே உள்ள ஐந்திலொரு பங்குக் குடும்பங்களின், புகையிலை நீக்கிய பை. அது 2 வீதம் ஏறினால் கூலி தானாகவே ஏறும். 2022இல் ஜனவரி, மே, ஆகஸ்ட் என மூன்று தடவை ஏறியது. பிரெஞ்சு முதலாளிகளின் தயாளத்தால் இது வரவில்லை. ஏழையின் பை வேறு என்பதைத் தொழிற்சங்கங்களும் சட்டமும் ஏற்றுக்கொள்ள வைத்ததால் வந்தது. இந்தியாவிலும் விவசாயத் தொழிலாளருக்கென்று தனியான விலைச் சுட்டெண் நெடுங்காலமாக உண்டு. 1986-87 அடியாண்டுப்படி அதில் உணவின் நிறை ஏறத்தாழ 69 வீதமாக இருந்தது. அதன் அடியாண்டு பல பத்தாண்டுகள் 1986-87 ஆகவே கிடந்தது ஒரு பெரிய குறை. ஆயினும் வயலில் நிற்பவரின் பை வேறு என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. இலங்கையின் தேசியச் சுட்டெண்கூடக் கொழும்பையும் கொக்கிளாயையும் சேர்த்துக் குலுக்கிய ஒரே பைதான். கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் தனித்தனிச் சுட்டெண் கேட்பது ஒரு புள்ளிவிபரக் கோரிக்கை மாத்திரமல்ல, ஒரு தொழிற்சங்கக் கோரிக்கை. நமது இயக்கங்களும் கட்சிகளும் ஒருபோதும் அதைக் கேட்டதில்லை.

7

அப்படியானால் எதையுமே அளக்க முடியாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முடியும். ஆனால் எளிமையாகத் தொடங்க வேண்டும். சுட்டெண் இல்லாத காலத்தில் நமது ஊர்களில் கூலியை நெல்லில் சொன்னார்கள். ஒரு நாள் வேலை எத்தனை கிலோ அரிசி வாங்கும் என்பது மெய்க்கூலியின் ஆகப் பழைய, ஆக நேர்மையான அளவு. அதற்கும் குறைகள் உண்டு. மனிதர் அரிசியை மட்டும் உண்பதில்லை. பிள்ளையின் ரியூசன் காசும், ஆசுப்பத்திரிக்குப் போகும் பஸ் காசும் அரிசியில் அடங்காது. அதைவிட முக்கியமாக, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று தெரியாமல் நாட்கூலி மட்டும் வருமானமாகாது. ஆயினும் இடம், நாள், பால் குறித்து எழுதப்பட்ட ஒரு நாட்கூலி, திகதி போட்ட ஒரு அரிசி விலை ஆகிய இரண்டும் கொழும்பிலிருந்து இரவல் வாங்கிய எந்தச் சுட்டெண்ணையும்விட முல்லைத்தீவைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

ஒரு யோசனையை முன்வைக்கிறேன். நாம் எல்லாரும் கிழமைக்கு ஒருமுறையாவது ஊருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். அடுத்த முறை எடுக்கும்போது ஐந்து விடயங்களைக் கேட்டு எழுதுவோம்: வயலிலோ தோட்டத்திலோ இன்று ஓர் ஆணுக்கு என்ன கூலி, ஒரு பெண்ணுக்கு என்ன கூலி, போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது, ஒரு கிலோ சாதாரண அரிசி என்ன விலை, ஒரு தேங்காய் என்ன விலை. வெளிநாட்டுப் பணம் வருகிற வீட்டில் மட்டும் கேட்கக்கூடாது. வராத வீட்டில் கேட்டுச் சொல்லும்படி கேட்க வேண்டும். ஊர்ப்பெயரும் திகதியும் போட வேண்டும், ஆட்களின் பெயர் தேவையில்லை. இச்சஞ்சிகை ஒவ்வோர் இதழிலும் அரைப்பக்கத்தை இதற்கு ஒதுக்கினால், ஐந்து ஆண்டுகளில் இருபது வரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை நம்மிடம் இருக்கும். அது விஞ்ஞானபூர்வமான மாதிரியெடுப்பு அல்ல என்று என்னுடைய பழைய சக விரிவுரையாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். எனினும் அரிசி எந்தக் கடை விலை என்று கேட்டால் அதற்கு எங்களிடம் பதில் இருக்கும்.